காசியில் தனி வழிகாட்டியோடு: முதலில் ஆறு, அப்புறம் சந்து

காசிக்குப் போகும்போது வழிகாட்டி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: விசுவநாதர் தரிசனத்துக்கு வேண்டாம், ஊரைப் பார்க்கக் கட்டாயம் வேண்டும். இரண்டையும் ஒரே ஆளிடம் ஒரே நாளில் ஒப்படைத்தால் தரிசனமும் அவசரமாகும், ஊரும் கண்ணில் படாது. அம்மாவையும் பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு பிப்ரவரியில் போய் வந்தேன். அம்மாவுக்கு முழங்கால் வலி. பெரியம்மா எழுபதைத் தாண்டியவர், ஆனால் எதையும் விடாமல் கேட்பார், யாரிடமும் கேட்பார். இப்படி இரண்டு பேரை வைத்துக்கொண்டு அந்த ஊரை நிதானமாகப் பார்க்க முடிந்தது என்றால் அதற்குக் காரணம் நாங்கள் பேசி வைத்துக்கொண்ட வழிகாட்டி அண்ணன்தான். அவரிடம் கற்றதையும் நாங்களாகக் கவனித்ததையும் சேர்த்து எழுதுகிறேன், முக்கியமாக வயதானவர்களோடு போகிறவர்களுக்காக.

முதலில் ஒரு பயண நிறுவனத்தில் விசாரித்தேன். அவர்கள் அனுப்பிய ஒரு நாள் திட்டத்தில் விசுவநாதர், அன்னபூரணி, விசாலாட்சி, காலபைரவர், துர்க்கை கோயில், சங்கட மோசனர், பல்கலைக்கழகம், சாரநாத், சாயங்காலம் கங்கை ஆரத்தி என்று எல்லாமே இருந்தன. காசியின் சந்துகளில் கார் போகாது. கோதௌலியா முனை வரை வண்டி, அதற்கு மேல் நடைதான். பெரியம்மா அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு, "இதுல எப்பம்மா கங்கையைப் பாக்குறது?" என்று கேட்டார். அதோடு அந்தத் திட்டத்தை விட்டுவிட்டோம்.

காசியில் வழிகாட்டிகள் பல வகை. மத்திய சுற்றுலா அமைச்சகமோ உத்தரப் பிரதேச சுற்றுலாத் துறையோ உரிமம் கொடுத்த வழிகாட்டிகள் இருக்கிறார்கள், அவர்களிடம் படம் ஒட்டிய அடையாள அட்டை இருக்கும், கேட்டால் தயங்காமல் காட்டுவார்கள். விடுதிக்காரர்கள் ஏற்பாடு செய்து தருபவர்கள் உண்டு. படித்துறையில் தானாக வந்து ஒட்டிக்கொண்டு "ஃப்ரீயாகவே காட்டுகிறேன்" என்பவர்களும் உண்டு, அவர்களிடம் கும்பிடு போட்டுவிட்டு நடந்துகொண்டே இருக்க வேண்டும். இது போக, நம் ஆட்களுக்கென்றே ஒரு வசதி இருக்கிறது. அனுமன் படித்துறை, கேதார் படித்துறை பக்கம் தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. எங்களுக்குக் கிடைத்த அண்ணன் அப்படி ஒருவர், அட்டையும் வைத்திருந்தார். வீட்டில் பேசும் தமிழ், தெருவில் பேசும் இந்தி, இரண்டும் கலந்து ஒரு தனி ராகத்தில் பேசுவார்.

தமிழ் பேசும் வழிகாட்டி கிடைத்தால் அவரையே வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வது மொழிப் பற்றினால் மட்டும் இல்லை. வழிகாட்டி இந்தியிலோ ஆங்கிலத்திலோ பேசினால் அதை நான் கேட்டு, சுருக்கி, அம்மாவிடம் சொல்வேன். அதற்குள் படகு அடுத்த படித்துறைக்குப் போய்விடும். அதைவிட, அவர்களுக்குத் தோன்றும் கேள்விகளில் பாதியை என் வழியாகக் கேட்கக் கூச்சப்பட்டு அவர்கள் விழுங்கிவிடுவார்கள். இங்கே அம்மா நேராக, "தம்பி, இந்தப் படிக்கட்டெல்லாம் எந்த ஊர்க் கல்லு?" என்று கேட்டார். "சுனார் கல்லும்மா, இங்கேருந்து ஆத்துக்கு மேலே போனா சுனார்னு ஊரு வரும், அங்கே வெட்டிப் படகுல கொண்டு வந்தது" என்றார் அவர். அந்தக் கல் பிறகு வேறு ஓர் இடத்திலும் எங்களுக்குப் பேச்சானது, அதைக் கீழே சொல்கிறேன்.

கிளம்புவதற்கு முன்பே போனில் சில விஷயங்களைப் பேசி வைத்தேன். சேலைக் கடை, உருத்திராட்சக் கடை எதுவும் வேண்டாம், வேண்டுமென்றால் நாங்களே கேட்போம். கட்டணத்தில் எது எது அடக்கம், படகுக் கூலி தனியா, மணிக்கணக்கா, அரை நாளுக்கா? நடுவில் கழிப்பறை எங்கே இருக்கிறது? ஒரே மூச்சில் எவ்வளவு படி ஏற வேண்டியிருக்கும்? கடைசி இரண்டு கேள்விக்கும் தெளிவாகப் பதில் சொல்பவர்தான் உங்களுக்கு வேண்டிய ஆள். இந்த அண்ணன் உடனே, "அம்மாவுக்கு முழங்கால்னா அஸ்ஸி படித்துறையில படகு ஏறலாம், அங்கே சரிவு மெதுவா இருக்கும். கேதார்ல மட்டும் படி செங்குத்து, அங்கே கோயில்லேருந்து கீழே பார்த்தாப் போதும்" என்றார். கடைகளைப் பற்றிச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அப்படியென்றால் கட்டணம் கொஞ்சம் கூடும் என்று நேர்மையாகவே சொன்னார். குறைந்த கட்டணத்தில் வரும் வழிகாட்டிகளில் பலருக்குக் கடைகள் தரும் கமிஷன்தான் உண்மையான வருமானம். அந்த நேரத்தை நாம் கேட்டு வாங்குகிறோம் என்றால் அதற்குரிய பணத்தையும் நாம்தான் கொடுக்க வேண்டும்.

இன்னொரு சின்ன விஷயம், ஸ்டேஷன். வாராணசி சந்திப்பு என்பதைத்தான் ஊரில் கேண்ட் என்பார்கள். பழைய மண்டுவாடி 2021 முதல் பனாரஸ் ஸ்டேஷன். ராஜ்காட் பக்கம் காசி என்ற பெயரிலேயே ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. முகல்சராய் 2018-இல் தீன்தயாள் உபாத்யாயா சந்திப்பு ஆனது, அது ஆற்றுக்கு அந்தப் பக்கம், தள்ளி இருக்கிறது. கூட்டிப்போக ஆள் வருவதாக இருந்தால் டிக்கெட்டில் அச்சாகியிருக்கும் பெயரை அப்படியே படம் எடுத்து அனுப்பிவிடுங்கள்.

சரி, எதை முதலில் பார்ப்பது? கோயில், சந்து, கடைசியில் ஆறு என்றுதான் பெரும்பாலும் கூட்டிப்போகிறார்கள். எங்கள் அண்ணன் ஆற்றை முதலில் வைத்தார். அதற்கு அவர் சொன்ன காரணத்தைக் கேட்டதும் ஊரே எனக்கு விளங்கியது. தென்கிழக்காக வந்துகொண்டிருக்கும் கங்கை இங்கே திரும்பி வடக்கு நோக்கி ஓடுகிறது. ஊர் முழுக்க மேற்குக் கரையில், உயர்ந்த மேட்டின் மேல். எதிர்க்கரை வெறும் மணல், வெள்ளம் வந்தால் மூழ்கிவிடும், அதனால் அங்கே ஊர் எழும்பவில்லை. சூரியன் அந்த வெட்டவெளிக்குப் பின்னால் உதிக்கிறது. மறைக்க எதுவும் இல்லாததால் முதல் வெளிச்சம் நேராகப் படித்துறைகள் மீது விழுகிறது. படித்துறைகள் 84 என்பது கணக்கு, எல்லாம் ஒரே வரிசையில் கிழக்கே பார்த்து நிற்கின்றன. ஊரின் முகம் ஆற்றைப் பார்த்து இருக்கிறது, சந்துகள் அதன் முதுகுப் பக்கம். முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனால் எந்தச் சந்து எந்தப் படித்துறையில் போய் இறங்குகிறது என்று மனதில் ஒரு வரைபடம் இருக்கும். அது இல்லாமல் சந்துக்குள் நுழைந்தால் வழிகாட்டியின் முதுகைப் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டியதுதான்.

தெற்குக் கோடியில் அஸ்ஸி, அங்கிருந்து வடக்கே போவது நீரோட்டத்தோடு போவது. அதனால் துடுப்புப் படகு வேண்டுமென்றால் அஸ்ஸியில் ஏறுங்கள். தசாசுவமேத படித்துறையில் ஏறி அஸ்ஸி போய்த் திரும்பினால் பாதி வழி எதிர்நீச்சல், படகுக்காரர் மோட்டார் படகில்தான் போகலாம் என்பார். அவர் சொல்வதும் நியாயம்தான். இப்போது பெரும்பாலும் மோட்டார் படகுகள், அதிலும் பல சிஎன்ஜிக்கு மாறிவிட்டன. டீசல் புகை குறைந்திருக்கிறது என்றாலும் சத்தம் இருக்கத்தான் செய்கிறது. வழிகாட்டி சொல்வது காதில் விழ வேண்டும், வயதானவர்கள் கேள்வி கேட்க வேண்டும் என்றால் துடுப்புப் படகுதான் சரி. கூலியைத் தலைக்கு இவ்வளவு என்று பேசாமல் முழுப் படகுக்கும் எத்தனை மணி நேரம், எங்கே ஏறி எங்கே இறங்குவது என்று சொல்லிப் பேசுங்கள். மிதவை அங்கியைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள். கேட்காவிட்டால் அது பலகைக்கு அடியிலேயே கிடக்கும்.

விடிவதற்கு முன்னால் அஸ்ஸியில் இருந்தோம். அங்கே 2014 முதல் தினமும் அதிகாலையில் ஆரத்தி, வேத பாராயணம், அதன் பிறகு ஒரு இசைக் கலைஞர் உட்கார்ந்து காலை ராகம் பாடுவது என்று நடக்கிறது. சாயங்கால ஆரத்தியைவிட எனக்கு இதுதான் பிடித்தது. நெருக்கடி இல்லை, உட்கார இடம் இருக்கிறது, அம்மா காலை நீட்டிக்கொண்டு கேட்டார்.

படகு கிளம்பியதும் துளசி படித்துறை. துளசிதாசர் வாழ்ந்து மறைந்த இடம் என்பது எல்லோருக்கும் தெரியும். அண்ணன் அதோடு நிறுத்தாமல், இதே இடத்தில் வாழ்ந்த வீர பத்ர மிஸ்ரா என்பவரைப் பற்றிச் சொன்னார். சங்கட மோசனர் கோயிலின் மகந்த், அதாவது தலைமைப் பொறுப்பாளர் அவர், அதே சமயம் பனாரஸ் பல்கலைக்கழகத்தில் நீரியல் பொறியியல் பேராசிரியர். தினமும் காலையில் கங்கையில் முழுக்குப் போடுவார், அதே தண்ணீரைச் சோதனைக்கூடத்தில் வைத்து அளந்து, சாக்கடை எவ்வளவு கலக்கிறது என்று ஊருக்குச் சொல்வார். 1982-இல் தொடங்கிய அந்தப் போராட்டத்தை 2013-இல் மறையும் வரை விடவில்லை. கங்கையைத் தாயாக நம்பிய ஒருவர்தான் அதன் அழுக்கை எண்களில் எழுதி வைத்தார் என்பதைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. புத்தகத்திலும் செல்போனிலும் இது இருக்கத்தான் செய்யும். ஆனால் அந்தப் படியின் எதிரே, அந்தத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டு கேட்பதற்குத்தான் வழிகாட்டி.

அப்புறம் சேத் சிங் படித்துறை, ஆற்றை ஒட்டிக் கோட்டைச் சுவர் உயரமாக எழும்பி நிற்கிறது. 1781 ஆகஸ்டில் வாரன் ஹேஸ்டிங்ஸ் காசி ராஜா சேத் சிங்கிடம் மேலும் மேலும் பணம் கேட்டு, கடைசியில் அவரை இங்கே காவலில் வைத்தார். ராஜாவின் ஆட்கள் ஆற்றைக் கடந்து வந்து மோதினார்கள். அந்தக் கலவரத்துக்கு நடுவே தலைப்பாகைத் துணிகளை முடிச்சுப் போட்டுக் கயிறாக்கி, ஜன்னல் வழியே இறங்கி, ராஜா படகில் தப்பித்துப் போனார். ஹேஸ்டிங்ஸே ஊரை விட்டுச் சுனார் கோட்டைக்கு ஓட வேண்டி வந்தது. "எந்த ஜன்னல்?" என்று பெரியம்மா கேட்க, படகுக்காரர் துடுப்பை நிறுத்திவிட்டு ஒன்றைக் காட்டினார். அண்ணன் சிரித்துக்கொண்டே, "அவங்க அப்பா அதைக் காட்டுவார், இவரும் அதையே காட்டுறார்" என்றார்.

அரிச்சந்திர படித்துறை நெருங்குவதற்குள் அண்ணன் குரலைத் தாழ்த்தி, கேமரா வேண்டாம், செல்போனைப் பைக்குள் வைத்துவிடுங்கள் என்றார். அங்கேயும் மணிகர்ணிகையிலும் இரவு பகலாகச் சிதை எரிகிறது. படகை நிறுத்தவும் இல்லை, விளக்கவும் இல்லை. தாண்டிய பிறகுதான் டோம் சமூகத்தாரைப் பற்றியும், இறந்தவரின் வீட்டார் அவர்களிடமிருந்துதான் நெருப்பு வாங்க வேண்டும் என்ற முறை பற்றியும் சொன்னார். எங்கே பேச வேண்டும், எங்கே பேசக் கூடாது என்று தெரிந்தவர் கிடைத்தால் விடாதீர்கள். அதற்கு ஒரு சோதனையும் இருக்கிறது. முன்கூட்டிப் பேசும்போது மணிகர்ணிகையில் எவ்வளவு பக்கத்தில் கூட்டிப்போவீர்கள் என்று கேளுங்கள். ரொம்பப் பக்கத்தில், படமும் எடுக்கலாம் என்று சொல்பவர் வேண்டவே வேண்டாம்.

மணிகர்ணிகையில் நடக்கும் ஒரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். இங்கே சாகக் காத்திருக்கும் ஏழைகளுக்கு விறகு வாங்கக் காசு கொடுங்கள், இத்தனை கிலோ விறகுக்கு இவ்வளவு என்று சிலர் வந்து நிற்பார்கள். நம் மனம் இளகியிருக்கும் இடத்தில் வந்து கேட்கிறார்கள், கொடுக்காவிட்டால் பாவம் என்று குரலை உயர்த்துகிறார்கள். வேறொரு குடும்பத்தை இப்படிச் சுற்றி வளைத்திருந்ததைப் பார்த்தோம், அந்த வீட்டுப் பெரியவர் கை நடுங்கப் பணத்தை எண்ணிக்கொண்டிருந்தார். எங்கள் அண்ணன் போய் இந்தியில் இரண்டு வார்த்தை சொன்னதும் அவர்கள் விலகிப் போனார்கள். தருமம் செய்ய வேண்டுமென்றால் சத்திரத்திலோ மடத்திலோ ரசீது வாங்கிக்கொண்டு செய்யலாம்.

கேதார் படித்துறை சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்த படிகளோடு தூரத்திலேயே தெரிந்துவிடும், நம் ஊர்க் கோயில் மதில் நினைவுக்கு வரும். கேதாரேசுவரர் கோயில் குமாரசாமி மடத்தின் பொறுப்பில் இருக்கிறது. குமரகுருபரர் 17-ஆம் நூற்றாண்டில் இங்கே வந்து மடம் அமைத்தார், முகலாய ஆட்சியாளரிடம் அவர்கள் மொழியிலேயே பேசுவதற்குக் கலைமகளைப் பாடி அருள் பெற்றார், சிங்கத்தின் மேல் ஏறிப் போனார் என்பது மரபு. திருப்பனந்தாள் காசி மடம் இந்த வழியில் வந்ததுதான். இவ்வளவும் சொல்லிவிட்டு அண்ணன், அவர் பிறந்தது ஸ்ரீவைகுண்டம் என்றார். பெரியம்மாவைக் கட்டிக்கொடுத்த ஊர் ஸ்ரீவைகுண்டம். "எங்க ஊர்க்காரரா இவ்வளவு தூரம் வந்து இதைக் கட்டுனாரு?" என்று கேட்டவர், கோயிலில் இருந்து இறங்க மனமில்லாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். திட்டத்தில் அதற்கு நேரம் ஒதுக்கவில்லை. தனி வழிகாட்டியாக இருந்ததால் அடுத்த இடத்தை விட்டுவிட்டோம், பெரியம்மா போதும் என்று எழுந்த பிறகு கிளம்பினோம். கூட்டத்தோடு வந்திருந்தால் யாராவது கையைத் தட்டி அழைத்திருப்பார்கள்.

அதற்கு வடக்கே இருப்பவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மான் மந்திர் மாளிகையின் மொட்டை மாடியில் ஜெய்ப்பூர் ஜெய்சிங் 18-ஆம் நூற்றாண்டில் கட்டிய வானியல் கருவிகள் இருக்கின்றன, மாடி ஏற முடிந்தவர்கள் தவறவிடாதீர்கள். மணிகர்ணிகை பக்கத்தில் ரத்னேசுவரர் கோயில் சாய்ந்தபடி பாதி நீருக்குள் நிற்கிறது. சிந்தியா படித்துறை கட்டிய கல்லின் பாரம் தாங்காமல் ஆற்றுக்குள் இறங்கி, பிறகு திரும்பக் கட்டியது. பஞ்சகங்கையில் மேலே ஔரங்கசீப் காலத்து மசூதி, கீழே கபீர் தன் குருவைச் சந்தித்ததாகச் சொல்லும் படிகள், அதே பக்கம் பிஸ்மில்லா கான் சிறு வயதில் மணிக்கணக்காக ஷெனாய் சாதகம் செய்த பாலாஜி கோயில். இந்த மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் படகை ஓரமாக நிறுத்தச் சொன்னோம். குளிர்காலத்தில் கூட்டம் கூட்டமாக வரும் கடற்காகங்களுக்கு ஓமப்பொடி, காராசேவு பாக்கெட்டைப் பிரித்துப் போடச் சொல்லி விற்பவர்கள் படகோடு ஒட்டிக்கொண்டு வருவார்கள். அந்தப் பறவைகளுக்கு அந்த எண்ணெய்ப் பண்டம் எதற்கு? நாங்கள் வாங்கவில்லை, நீங்களும் வாங்க வேண்டாம்.

சந்துகளை அண்ணன் மறுநாள் முற்பகலுக்கு வைத்தார். படகையும் சந்துகளையும் ஒரே நாளில் அடுக்கக் கூடாது என்பது அவர் கணக்கு. கீழே கல், ஈரம், சாணம், எதிரே மாடு, பின்னால் மோட்டார் சைக்கிள் என்று ஒவ்வொரு அடியையும் பார்த்து வைக்க வேண்டும். வயதானவர்களுக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தாங்காது. வெயில் மட்டும் பிரச்சினையே இல்லை, உயர்ந்த வீடுகளுக்கு நடுவே சந்து எப்போதும் நிழல். வழுக்காத, பின்னால் பட்டை வைத்த செருப்பு போடுங்கள். "ராம் நாம் சத்ய ஹை" என்ற குரல் கேட்டால் உடனே சுவரோரம் ஒதுங்கி வழி விடுங்கள், பாடை வருகிறது என்று அர்த்தம். அம்மா ஒவ்வொரு முறையும் நின்று கை கூப்பினார்.

அனுமன் படித்துறை சந்தில் பாரதி வாழ்ந்த வீடு இருக்கிறது. அப்பா போன பிறகு அத்தை வீட்டுக்கு வந்து, 1898-லிருந்து சில வருடங்கள் அங்கே படித்தார். தலைப்பாகையும் மீசையும் இந்த ஊரில்தான் அவருக்கு ஒட்டிக்கொண்டன என்பார்கள். 2022 டிசம்பரில் தமிழ்நாடு அரசு அங்கே ஒரு நினைவகம் திறந்தது. சின்ன இடம்தான், அதுவும் குடும்பம் வாழும் வீட்டின் ஒரு பகுதி. போகும் நேரத்தை முன்பே கேட்டுக்கொண்டு, சத்தம் போடாமல் பார்த்துவிட்டு வர வேண்டும். இதே துறையில்தான் முத்துசுவாமி தீட்சிதர் கங்கையிலிருந்து வீணை பெற்றதாக மரபு. கோதௌலியா பக்கம் நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரம் இருக்கிறது. விசுவநாதர் பூஜைக்குப் பால், பூ, வில்வம் எல்லாம் அங்கிருந்து தினமும் "சம்போ, சம்போ" என்று சொல்லிக்கொண்டே கொண்டு போகிறார்கள். இருநூறு வருடத்துக்கு மேலாக விடாமல் நடக்கிறது. அந்த நேரம் சந்தில் நின்றால் நீங்களும் பார்க்கலாம், அண்ணன் சரியாக அந்த நேரத்துக்கு எங்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்.

சாப்பாட்டுக்கு இந்தச் சந்துகளே போதும். காலையில் கச்சோரியும் உருளைக்கிழங்குக் குழம்பும், கூடவே சூடாக ஜிலேபி. குளிர்காலத்தில் மட்டும் கிடைக்கும் மலய்யோ என்ற பால் நுரை, மண் குவளையில் தருவார்கள், காலையிலேயே தீர்ந்துவிடும். இட்லி இல்லாமல் முடியாது என்பவர்களுக்கு அனுமன் படித்துறை, கேதார் பக்கம் நம் ஊர்ச் சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன.

சேலை விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் அண்ணனோடு இல்லாத ஒரு மதியம், டோட்டோ (பேட்டரி ரிக்‌ஷா) ஓட்டிக்கொண்டு வந்தவர் கேட்காமலேயே ஒரு "நெசவு மையத்தில்" கொண்டுபோய் நிறுத்தினார். முன்னால் ஒரு தறி, அதில் ஒருவர் நெய்கிறார், அதைத் தாண்டினால் பெரிய கடை, விலையெல்லாம் ஆகாயத்தில். அம்மா வாசலிலேயே நின்று, "இறங்க மாட்டேன், வண்டியைத் திருப்பு" என்று தமிழிலேயே சொல்லிவிட்டார், அவருக்கும் புரிந்தது. பனாரஸ் பட்டு வாங்குவது தவறே இல்லை, 2009-லேயே புவிசார் குறியீடு பெற்ற சரக்கு அது. முதலில் நெசவைப் பார்க்க வேண்டும், அதற்கு மதன்புரா போன்ற நெசவாளர் பகுதிகளுக்கு வழிகாட்டியிடம் கேட்டுப் போங்கள். கடுவா என்ற முறையில் ஒவ்வொரு பூவையும் தனித்தனியாக நெய்வதால் சேலையைத் திருப்பினால் பின்பக்கம் தொங்கும் நூல் இருக்காது. ஒரு சேலைக்கு வாரக்கணக்கில், வேலைப்பாட்டைப் பொறுத்து மாதக்கணக்கில்கூட ஆகும். விசைத்தறி வந்து இந்த வேலையைப் பெருமளவு தின்றுவிட்டது. அதைக் கண்ணால் பார்த்துவிட்டு வாங்கினால் விலையின் நியாயம் நமக்கே தெரியும், பேரம் பேச வாய் வராது.

விசுவநாதர் தரிசனத்துக்கு நாங்களே தனியாக ஒரு விடிகாலையில் போனோம். 2021 டிசம்பர் 13-ஆம் தேதி திறந்த வளாகத்தால் இப்போது லலிதா படித்துறையிலிருந்தே கோயிலுக்கு ஏறிப் போக வழி இருக்கிறது. செல்போன், ஸ்மார்ட் கைக்கடிகாரம், பை, பேனா எதுவும் உள்ளே விட மாட்டார்கள், அறையிலேயே வைத்துவிட்டுப் போவது நிம்மதி. வழியில் சில கடைகளில் லாக்கர் இலவசம் என்று கூப்பிட்டு, பூஜைத் தட்டை வாங்கினால்தான் சாவி தருவோம் என்பார்கள். கட்டணம் கட்டிச் சீக்கிரம் தரிசிப்பதற்கான சுகம் தரிசனச் சீட்டைக் கோயிலின் இணையதளத்திலோ உதவி மையத்திலோ மட்டும் வாங்குங்கள், யார் மூலமும் வேண்டாம். கோயிலுக்குள் வழிகாட்டி பேச முடியாது, வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும். இந்தக் கோயிலை அகில்யாபாய் ஹோல்கர் 1780-இல் எழுப்பியது, பஞ்சாபின் ரஞ்சித் சிங் கோபுரத்துக்குப் பொன் கொடுத்தது எல்லாம் படகிலேயே கேட்டிருந்ததால் உள்ளே எங்களுக்குக் கும்பிடுவதைத் தவிர வேறு வேலை இருக்கவில்லை.

சாயங்கால ஆரத்தியைப் படகிலிருந்து பார்ப்பதா படியிலிருந்தா? படம் எடுக்கப் படகு நல்லது, அங்கிருந்து எல்லா விளக்கும் நேர் எதிரே தெரியும். ஆனால் ஒரு மணி நேரம் முன்பே போய்ப் படகுகள் ஒன்றோடு ஒன்று முட்டிக்கொண்டு நிற்கும். நடுவில் அவசரம் என்றால் கரைக்கு வர வழியே கிடையாது. வயதானவர்களோடு போனால் படிக்கட்டில், வெளியே போகும் பாதைக்குப் பக்கமாக, முன்கூட்டியே உட்காருங்கள். குளிர்காலத்தில் ஆறு மணியை ஒட்டியும் கோடையில் ஏழு மணியை ஒட்டியும் தொடங்கும், முக்கால் மணி நேரம் நடக்கும். முடியும் முன்பே எழுந்து வந்துவிட்டோம், இல்லாவிட்டால் கோதௌலியா வரை அந்தக் கூட்டத்தில் நகரவே முடியாது.

சாரநாத் ஊரிலிருந்து 10 கிலோமீட்டர். அதற்குத் தனியாக ஒரு காலை வையுங்கள், வெள்ளிக்கிழமை அருங்காட்சியகம் மூடியிருக்கும். நம் ரூபாய் நோட்டில் இருக்கும் அந்த நான்கு சிங்கங்கள் அங்கேதான் இருக்கின்றன, 1904-05 அகழாய்வில் கிடைத்தவை. ஆளுயரத்துக்கு மேல், கண்ணாடி மாதிரி வழவழப்பு. அம்மா அருகில் போய்ப் பார்த்துவிட்டு, "இது எந்தக் கல்லு தம்பி?" என்று கேட்டார். அண்ணன் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். "அதே சுனார் கல்லும்மா."

எந்த மாதம் போவது என்று கேட்டால் பிப்ரவரி, மார்ச், அல்லது நவம்பர். டிசம்பர் கடைசி முதல் ஜனவரி வரை மூடுபனியில் சூரியோதயம் பல நாள் தெரியாது, ரயிலும் விமானமும் மணிக்கணக்கில் தாமதமாகும். ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை வெள்ளத்தில் கீழ்ப்படிகள் மூழ்கிவிடும், ஒரு படித்துறையிலிருந்து அடுத்ததற்கு நடக்க முடியாது, படகையும் நிறுத்திவிடுவார்கள். அந்த மாதங்களில்தான் விடுமுறை கிடைக்கிறது என்றால் வழிகாட்டியைச் சந்துகளுக்கும் சாரநாத்துக்கும் மட்டும் பேசிக்கொள்ளுங்கள். கார்த்திகைப் பௌர்ணமியன்று தேவ தீபாவளி, படித்துறை முழுக்க அகல் விளக்கு, பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அன்று படகுக்குப் பல மடங்கு விலை, படிகளில் கால் வைக்க இடம் இருக்காது. எங்கள் சித்தி இந்த வருடம் போகப் போகிறார், பௌர்ணமி முடிந்து ஒரு வாரம் தள்ளி டிக்கெட் போடச் சொல்லி, அண்ணனிடம் இப்போதே தேதியையும் சொல்லி வைத்திருக்கிறேன்.